மழைக் கோடுகள்

ஜூலை 6, ஞாயிறு

மிருதுளா சொன்னதால் எழுதுகிறேன். எனக்கும் நாட்குறிப்புக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூட நாளில் அப்பா வாங்கித் தந்த டைரிகளில் எல்லாம் ஜனவரி முதல் வாரத்தோடு எழுத்து நின்றுவிடும். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகப் புள்ளிக்கோலம்தான்.

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கண்காட்சி. ரேஸ்கோர்ஸ் பக்கம் மிருதுளா ஒரு கூடம் வைத்திருக்கிறாள், அங்கே. "ஜனங்களுக்குப் படத்தை விட படம் வந்த கதைதான் பிடிக்கும், பூங்கொடி. தினமும் ரெண்டு வரி எழுதி வை, ஒரு மேஜை போட்டு அதையும் வெச்சுடலாம்" என்றாள். கல்லூரிக் காலத்திலிருந்தே அவள் சொல்வதும் நான் தலையாட்டுவதும் வழக்கம்.

அந்நியர்கள் படிக்கப் போகிறார்கள் என்பதால் முறையாக ஆரம்பிக்கிறேன். நான் பூங்கொடி. என் கணவன் சிவநேசன். இருவரும் கட்டடக் கலை படித்தவர்கள், ஒரே வகுப்பு. மிருதுளாவும் அதே வகுப்புதான். நாங்கள் வாழ்வது கோயம்புத்தூரில், சாய்பாபா காலனியில். போன வருஷம் ஜூன் மாதம், பதினைந்தாவது கல்யாண நாளுக்கு, நானும் நேசனும் ஜப்பான் போனோம். அங்கே அது மழைக்காலம். போன நாளிலிருந்து வந்த நாள் வரை மழை. குடையும் கையுமாகப் பழைய மர வீடுகளைப் பார்த்தபடி திரிந்தோம். அதற்கு முந்தைய இரண்டு வருஷங்கள் எங்களுக்குள் அவ்வளவு சரியில்லை. அந்த மழையில்தான் சரியாயிற்று. இதை மேஜையில் வைக்கும்போது அடித்துவிட வேண்டும்.

திரும்பி வந்ததும் ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினோம். நாங்கள் படம் வரைவதில்லை. விதிகளை மட்டும் எழுதுகிறோம். தூணுக்கும் தூணுக்கும் எவ்வளவு இடைவெளி, கூரை எவ்வளவு சரியும், காகிதக் கதவு எந்தப் பக்கம் நகரும், எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெளிச்சம் விழும். கணினி அந்த விதிகளை வைத்துக்கொண்டு தானே ஒரு வீட்டை வரைகிறது. அடுத்த முறை கேட்டால் வேறொரு வீடு. எல்லாமே இல்லாத வீடுகள், ஆனால் பார்த்த மாதிரியே இருக்கும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. புகைப்படத்தைப் பார்க்கக் கூடாது, இணையத்தில் தேடக் கூடாது. ஞாபகத்தில் இருப்பதை மட்டுமே எழுத வேண்டும். அதுவும் இருவரும் சேர்ந்து பார்த்ததை மட்டும். ஒருவர் விதி எழுதினால் மற்றவர் வந்து பார்த்து, "ஆமாம், அப்படித்தான் இருந்துச்சு" என்று சொன்ன பிறகுதான் அது உள்ளே போகும். கண்காட்சிக்குப் பெயரே 'இருவர் பார்த்த வீடுகள்'. பெயர் வைத்தது நேசன்.

ஜூலை 9, புதன்

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்ததில் காலை முழுக்கப் போயிற்று. மத்தியானம் பாய்களின் விதியைச் சரி செய்தேன்.

இது பார்வையாளர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஜப்பானிய வீட்டில் தரை முழுக்கத் தடித்த பாய்கள் பதித்திருப்பார்கள். எப்படி வேண்டுமானாலும் பதிக்க முடியாது. நான்கு பாய்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் அது துக்க வீடு. தாகயாமாவில் நாங்கள் தங்கிய விடுதிக்கார அம்மா இதைச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு ஜப்பான் மொழி வராது. நான்கு பிஸ்கட்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கிக் காட்டி, மூலைகள் சேர்ந்ததும் கண்களை மூடித் தலையைக் குனிந்தார். பிறகு ஒரு பிஸ்கட்டை நகர்த்திவிட்டுச் சிரித்தார். அந்த பிஸ்கட்டை நேசன் சாப்பிட்டுவிட்டான். எனக்கு ஒரே வெட்கம்.

எங்கள் புரோகிராமில் முதன்முதலாக எழுதிய விதி அதுதான். மூலைகள் சேரக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

நேசன் ஒரு புதுக் கதவு எழுதியிருக்கிறான். நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது, "வந்து பாரு, வந்து பாரு" என்று கூப்பிட்டான். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

காகிதக் கதவுதான், ஆனால் கீழ்ப்பாதி மட்டும் மேலே ஏறுகிறது. ஏறினால் அடியில் ஒரு நீள்சதுரம் திறந்துகொள்கிறது. அதற்குள் தோட்டம் தெரிகிறது. ஒரு கல் விளக்கு, ஒரு பைன் மரம். நின்றுகொண்டிருப்பவருக்கு வெறும் காகிதம். தரையில் உட்கார்ந்தால் மட்டும் தோட்டம். இவ்வளவு அழகான விஷயத்தை எப்படி மறந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"இது எங்க பார்த்தோம்?"

"கனசாவாவுல. டீ குடிச்சோமே, அந்த வீடு."

"டீ குடிச்சது ஞாபகம் இருக்குது. கதவு ஞாபகம் இல்லையே நேசா."

"நீதான் முதல்ல பார்த்தே. இந்தக் கதவுக்கும் நம்ம ஊரு கடை ஷட்டருக்கும் சொந்தம் போலன்னு சொல்லிச் சிரிச்சே."

இது நான் சொல்லக்கூடியதுதான். என் வாய் அப்படி. யோசிக்க யோசிக்க, சொன்ன மாதிரியும் இருந்தது.

"ஆமாம், அப்படித்தான் இருந்துச்சு" என்றேன். கதவு உள்ளே போயிற்று. தோசைக்கல் ஆறிப்போயிருந்தது.

ஜூலை 14, திங்கள்

அந்தக் கதவு வந்த பிறகு எல்லா வீடுகளும் மாறிவிட்டன. இதுவரை ஆளில்லாத வீடுகளாக இருந்தவற்றில் இப்போது யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தரையில் உட்கார நேசன் இரண்டு திண்டுகளை வேறு போட்டிருக்கிறான், பக்கத்தில் பக்கத்தில். நாங்கள்தான் அது. வயசான காலத்தில் இந்த மனுஷனுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. இரவு பாயசம் வைத்தேன். காரணம் கேட்டான், சேமியா மிச்சம் இருந்தது என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

கதவுக்குக் கீழே தெரியும் பைன் மரத்தில் இப்போது கோடுகள். மரத்துக்கு மேல் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, மெல்லிசாக, விசிறி மாதிரி விரிந்து கிளைகளின்மேல் இறங்குகின்றன. பார்த்ததும் புரிந்துகொண்டேன்.

"மழை!" என்றேன்.

நேசன் திரையைப் பார்த்தபடியே "ம்" என்றான்.

"மழை எங்கேடா ஒரே புள்ளியிலிருந்து வரும்? ஷவரா?"

"உட்கார்ந்து பார்க்கற கோணம் பூங்கொடி. அப்படித்தான் தெரிஞ்சுது."

ஞாபகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். ஒப்புக்கொண்டேன். ஆனால் கோடுகள் தடிமனாக இருந்தன, மழை இப்படியா இருக்கும்? அவன் குளிக்கப் போன நேரத்தில் நானே உட்கார்ந்து அவற்றை மெலிதாக்கி, ஒவ்வொன்றும் லேசாக ஆடும்படி செய்தேன். மிக அழகாக வந்துவிட்டது. துண்டோடு வந்து பார்த்தவன் என் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

இந்த ஒரு படத்தைத்தான் அழைப்பிதழில் போட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பொள்ளாச்சிக்குப் போய் அத்தையை, நேசனின் அம்மாவை, பார்த்துவிட்டு வந்தோம். அத்தை முன்னால் நான் நேசனை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அவனுக்கு அது பெரிய வேடிக்கை, வேண்டுமென்றே ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான்.

அத்தைக்கு முட்டிவலி. ஜப்பானிலிருந்து நாங்கள் வாங்கி வந்த வலிப் பட்டைகளை ஒட்டிக்கொள்கிறார். கிளம்பும்போது, "கண்ணு, அந்தச் சப்பான் பட்டை இன்னும் ரெண்டுதான் இருக்குது. மறுக்காப் போனீங்கன்னா நெறையா வாங்கியாரோணும்" என்றார்.

"ஒரு வருஷமா வெச்சிருக்கீங்களா அத்தை? அவ்வளவு வாங்கலையே நாம."

"நீ குடுத்ததெல்லாம் அப்பவே தீந்து போச்சு கண்ணு. பொங்கல் கழிச்சு இவன் கொண்டாந்தான்ல, அதுதான் ஓடுது."

"ஆன்லைன்ல வாங்கினதும்மா" என்றான் நேசன், கார் சாவியைத் தேடிக்கொண்டே. சாவி அவன் கையிலேயே இருந்தது.

ஆன்லைனில் இப்போது யானைகூடக் கிடைக்கிறது. பொங்கல் கழித்து அவன் புனேயில் இருந்தான், ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தைப் பார்ப்பதற்காக. திரும்பி வரும்போது உதடெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அங்கே அப்படியொரு குளிராம். நான்தான் ஒரு வாரம் வெண்ணெய் தடவிவிட்டேன்.

எதற்கு இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கண்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படங்களைத் தேர்ந்தெடுக்க மிருதுளா வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாம்பார் வாசனையை வைத்து "முருங்கைக்காயா?" என்றாள். சாப்பிட்டுவிட்டு, காப்பியோடு திரை முன் உட்கார்ந்தோம். நேசன் வெளியே போயிருந்தான். அவள் வருகிறாள் என்றால் அவனுக்கு ஏதாவது வெளிவேலை வந்துவிடுகிறது, பாவம்.

வீடுகள் ஒன்றொன்றாக வந்தன. "நீங்கல்லாம் குடுத்து வெச்சவங்கப்பா. நான் ஜப்பானை உங்க படத்துலதான் பார்க்கறேன்" என்றாள். பிறகு அந்தக் கதவு வந்தது. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு பிடித்திருந்தால் மிருதுளா பேசுவதை நிறுத்துவாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். கனசாவாவில் ஒரு சின்ன வீடு. நல்ல மழை. நானும் நேசனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நேசன் எட்டிக் கீழ்க் கதவைத் தூக்கினான். டீக் கிண்ணம் கையைச் சுட்டது. மரத்தின்மேல் மழை விசிறி மாதிரி இறங்கியது. டீக் கிண்ணம் சுட்டதெல்லாம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொல்லச் சொல்லத் தானாக வந்தது.

"மழையா?" என்றாள் மிருதுளா.

"பின்னே? அந்தக் கோடெல்லாம் என்னவாம்?"

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று அடுக்களைக்குப் போனாள். தண்ணீர் ஜாடி அவள் பக்கத்திலேயே இருந்தது. வர நேரமாயிற்று. வந்து, "அந்தப் படம் வேண்டாமே பூங்கொடி. மத்ததோட சேரல" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அது இல்லாவிட்டால் கண்காட்சியே இல்லை என்று சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அவள் எனக்குத் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துணி காயவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேசனிடம் கேட்டேன். சந்தேகப்பட்டு அல்ல. அழைப்பிதழில் அந்த வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டியிருந்தது.

"அந்த டீ வீடு ஆத்தங்கரையிலதானே இருந்துச்சு?"

"எது?"

"கீழ்க் கதவு ஏறுமே, அது."

அவன் செய்தித்தாளை மடித்தான். "நீ அதுக்கு வரலை பூங்கொடி. உனக்குக் காய்ச்சல், ரூம்ல படுத்துட்டே. நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். வந்து உங்கிட்ட சொன்னேன்."

"நான்தான் முதல்ல பார்த்தேன்னு சொன்னே. ஷட்டர்னு சொல்லிச் சிரிச்சேன்னு சொன்னே."

"அப்படியா சொன்னேன்? நான் சொன்னதைக் கேட்டுட்டு நீ சிரிச்சேன்னு சொல்லியிருப்பேன்."

எனக்குக் காய்ச்சல் வந்தது கியோத்தோவில். கனசாவாவில் நான் கல்லுக்குண்டாக இருந்தேன், மீன் சந்தையில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன், அவன் எண்ணி எண்ணிக் கேலி செய்தான். ஊர்ப் பெயரைக் குழப்பிக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் ஆகிவிட்டது, யாருக்கும் குழம்பும்.

ஆனால் ஒன்று. நான் பார்க்காததற்கு நான் "ஆமாம்" சொல்லியிருக்கிறேன். சட்டப்படி அந்தக் கதவு உள்ளே இருக்கக் கூடாது. மத்தியானம் அதை எடுத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் திரும்ப வந்திருந்தது. கோடுகளும். நான் மெலிதாக்கி வைத்திருந்தேனே, அதேபோல் மெலிதாக.

இரவு சாப்பிட உட்கார்ந்ததும் ரசத்தில் உப்பு இல்லை என்றான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிருதுளாவுக்குப் போன் செய்து, நாட்குறிப்பு தர முடியாது, கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்றேன். வற்புறுத்துவாள் என்று நினைத்தேன். "சரி சரி, நீ வேண்டாம்னா வேண்டாம்" என்று சட்டென்று விட்டுவிட்டாள்.

அப்புறம் எதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்? பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

படங்களை மாட்டும் நாள். நேற்று பிள்ளையார் சதுர்த்தி, கூடத்தில் இன்னும் எருக்கம்பூ மாலை கிடந்தது. நேசன் திரையையும் கணினியையும் இணைத்துவிட்டு, ஒயர் வாங்க வேண்டுமென்று காந்திபுரம் போனான்.

ஆணி அடிக்க வந்தவர் அந்தக் கதவுப் படத்தை மற்றவற்றோடு கண் உயரத்தில் பிடித்தார். மிருதுளா எதையோ எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அண்ணா, அது அவ்வளவு மேல வேண்டாம். கீழ இறக்குங்க. இன்னும். இன்னும்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "முட்டி உயரத்துலயாங்க்கா? யாரு குனிஞ்சு பார்ப்பாங்க?" என்றார்.

"குனிய வேண்டாம். இப்படி" என்று சொல்லி மிருதுளா படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் காலை மடித்து, குதிகால்மேல் உட்கார்ந்தாள். சேலை கசங்கியதைக் கவனிக்கவில்லை. நடுவில் உட்காரவில்லை. கொஞ்சம் வலப்பக்கமாக நகர்ந்து, இடப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். படத்தில் உள்ள இரண்டு திண்டுகளில் வலப்பக்கத்துத் திண்டுக்கு நேராக. இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்து, வாயருகே கொண்டுபோய் ஊதினாள். கூடத்தில் ஏசிகூட ஓடவில்லை.

ஆணி அடிப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல மழைங்க்கா" என்றார். பாவம், அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கும்தான்.

"மழை இல்லீங்ணா, கயிறு" என்றாள் மிருதுளா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. "நடுவுல ஒரு கம்பு நட்டு, உச்சியிலேர்ந்து கிளைக்குக் கிளை கட்டி விட்டிருப்பாங்க. பனி கொட்டி உக்காந்தா பாரம் தாங்காது, கிளை ஒடிஞ்சுடும்னு. குளிர்காலம் முடிஞ்சதும் அவிழ்த்து..."

அவ்வளவுதான் சொன்னாள். கழுத்து மட்டும் என் பக்கம் திரும்பியது.

நான் கேட்டேன், "குளிர்காலத்துல மட்டும்தான் கட்டுவாங்களா மிருதுளா?"

"எதுலயோ படிச்சேன்" என்றாள். எழுந்திருக்க முயன்றாள், கால் மரத்துப்போயிருந்தது போல, கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. வழக்கமாக இருந்தால் நான் கை கொடுத்திருப்பேன்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். ஏழெட்டுத் துணி ஊற வைத்தேன். அலசினேன். இப்போது எழுதுகிறேன். எழுத்து நன்றாகவே இருக்கிறது.

என்னை ஏமாற்றினார்கள் என்பது ஒன்று. அது ஊர் உலகத்தில் நடக்கிறது. ஆனால் என்னைக் கூப்பிட்டு, அடுப்பை அணைக்க வைத்து, அவர்கள் உட்கார்ந்த அறையைக் காட்டி, "அப்படித்தான் இருந்துச்சு" என்று என் வாயால் சொல்ல வைத்தானே. நான் அதற்குப் பாயசம் வைத்தேனே. அவர்களுடைய கயிறுகளை ஒவ்வொன்றாக மெலிதாக்கி அசைய வைத்தது நான். அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அது என் அறை என்று சொன்னது நான். டீக் கிண்ணம் சுட்டது என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாளே!

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவள் சொல்லியிருப்பாள். நான் மாவு அரைத்தேன். அவனுடைய நாளைய சட்டைக்கு இஸ்திரி போட்டேன், காலர் உட்பட.

மத்தியானம் கூடத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். கதவை எடுத்துவிடுவதாகத்தான் நினைத்துப் போனேன். கதவு, திண்டுகள், கயிறு எல்லாவற்றையும். விரல் அதன்மேல் இருந்தது. பிறகு தோன்றியது, எடுத்தால் யாருக்குத் தெரியும்? அவர்களுக்கு நிம்மதிதான்.

கதவை விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, நாங்கள் முதன்முதலாக எழுதிய விதி இருந்தது. அதை மட்டும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

நல்ல கூட்டம். கல்லூரிப் பேராசிரியர்கள், நேசனின் வாடிக்கையாளர்கள், யாரோ ஒரு பத்திரிகைக்காரர். அத்தையும் பொள்ளாச்சியிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மிருதுளா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எல்லோரிடமும் பேசினாள், என்னிடம் மட்டும் இரண்டு முறை "மைக் சரியா இருக்குதா?" என்று கேட்டாள்.

குத்துவிளக்கு ஏற்றியதும் நடுச்சுவரில் இருந்த பெரிய திரையை உயிர்ப்பித்தார்கள். முதல் வீடு எழுந்தது. தூண்கள், கூரை, காகிதக் கதவு, கதவுக்குக் கீழே பைன் மரம், கயிறுகள். கடைசியாகத் தரை. பாய்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முன்பெல்லாம் ஒன்றுக்கொன்று விலகி விலகி விழும். இப்போது நேர் வரிசையில், நான்கு நான்காக, மூலையோடு மூலை முட்டி நின்றன. கூட்டம் கைதட்டியது. "ஆஹா, என்ன ஒழுங்கு!" என்றார் ஒரு பேராசிரியர்.

அடுத்த வீடு. அதுவும் துக்க வீடு. அதற்கடுத்ததும்.

மிருதுளாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது ஜூன் மாதத்து விஷயம். பிஸ்கட் சாப்பிட்டவனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

நேசன் மூன்றாவது வீட்டில் கவனித்தான். கைதட்டிய கை அப்படியே நின்றது. நான்காவது வந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உதடு காய்ந்திருந்தது.

"பூங்கொடி, பாய்... நீ என்ன பண்ணினே?"

"புது விதி எழுதியிருக்கேங்க. நீங்க இன்னும் பார்க்கலையே. நம்ம சட்டப்படி நீங்க பார்த்துட்டுச் சொல்லோணும்."

அத்தை அருகில் இல்லை. அவர் காதில் விழாத இடத்தில் நான் அவனை "நீங்க" என்று அழைத்ததே இல்லை. அது அவனுக்குப் புரிந்தது.

"இங்க வேண்டாம். வீட்ல பேசலாம்."

"பேச ஒண்ணும் இல்லீங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க. நம்ம வீடு எப்படி இருந்துச்சு?"

ஐந்தாவது வீடு வந்தது. அவன் அதைத் தரை முடியும்வரை பார்த்தான். பின்னால் யாரோ வாழ்த்துச் சொல்ல அவன் தோளைத் தட்டினார்கள், அவன் திரும்பவில்லை.

"ஆமாம்" என்றான். "அப்படித்தான் இருந்துச்சு."

சாட்சி கிடைத்துவிட்டது. விதி உள்ளே போயிற்று. நான் அத்தைக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேசன் தன் துணிகளை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி போயிருக்கிறான். என்ன சொல்லிக்கொண்டு போனானோ, அத்தை போன் செய்து, "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

போகும் முன்பு அவன் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். எப்போது, எப்படி, எத்தனை நாளாக என்றெல்லாம். நான் மிக்சியைப் போட்டேன். நிறுத்திய பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வெளியே சொல்லாமல் இருக்கத் தெரிந்தவனுக்கு, அந்த அறையை ஏன் நம் வீடுகளில் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

"ரொம்ப நல்ல அறை பூங்கொடி" என்றான். "விட மனசு வரலை."

எவ்வளவு அயோக்கியத்தனம். ஆனால் அதைச் சொன்னபோதுதான் அவன் பொய் சொல்லவில்லை.

இன்று காலை உட்கார்ந்து ஜூன் மாதத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எனக்கு மட்டும் சொந்தமான ஒன்றாவது மிஞ்ச வேண்டுமே. மீன் சந்தை கொஞ்சம் வருகிறது. விடுதிக்கார அம்மாவின் கை வருகிறது, முகம் வரவில்லை. நாங்கள் டீ குடித்த வீட்டின் கதவு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வருவது அந்த அறைதான். நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் கண்ணை மூடியதும், எல்லாவற்றுக்கும் முன்னால், கீழ்க் கதவு ஏறுகிறது, கிண்ணம் கையைச் சுடுகிறது, வெளியே மழை பெய்கிறது.